மேசை மேல் ஓர் அசுர வண்டி

பெண் குழந்தைக்குச் சொப்பு, ஆண் குழந்தைக்குக் கார் என்று பொம்மைக் கடை அலமாரியை முதன்முதலில் பிரித்து வைத்தவர் யாரோ, நாமறியோம். அந்தப் பிரிவினை மட்டும் நம் வீடுகளில் இன்றுவரை அழியாமல் இருக்கிறது. மிக்ஸி ஓடவில்லையா, அண்ணனைக் கூப்பிடு. சைக்கிள் சங்கிலி கழன்றதா, தெருமுனைக் கடை வரை உருட்டிக்கொண்டு போ. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கும் கை, ஒரு திருகாணியைக் கழற்றச் சொன்னால் தயங்குகிறது. அந்தத் தயக்கம் பிறவியில் வந்ததன்று, பழக்கத்தால் வந்தது.

நான் இங்கே எழுத வந்தது ஒரு பொம்மையைப் பற்றி. விலை மிகுந்தது, சத்தம் மிகுந்தது, புகை கக்குவது, கையையும் உடையையும் கறைப்படுத்துவது. இத்தனை குற்றமும் உடைய அப்பொம்மையைப் பெண்கள் கட்டிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. பெற்றோர் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்து முடித்தபின் மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மான்ஸ்டர் டிரக் என்று அமெரிக்காவில் அழைக்கப்படும் அசுர வண்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சாதாரணச் சரக்கு வண்டி ஒன்றை எடுத்து, ஆள் உயரத்திற்குச் சக்கரம் பூட்டி, பழைய கார்கள் மேல் ஏற்றி நசுக்கும் வேடிக்கை அது. செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த பாப் சாண்ட்லர் என்பவர் தம் 1974 ஆம் ஆண்டு ஃபோர்டு வண்டியை மாற்றி மாற்றி உருவாக்கிய ‘பிக்ஃபுட்’ தான் இவற்றின் மூதாதை. 1981 ஆம் ஆண்டில் அது ஒரு வயல்வெளியில் இரண்டு கார்களின் மேல் ஏறி நசுக்கியது. அன்று தொடங்கிய பித்து இன்னும் தணியவில்லை. இது ஆண்களின் ஆட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2005 ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த மான்ஸ்டர் ஜாம் உலக இறுதிப் போட்டியில், ஓட்டப் பந்தயத்தில் வென்றவர் ‘மதூசா’ என்ற பெயரில் வண்டி ஓட்டிய டெப்ரா மிசெலி என்ற பெண்மணி.

பெரிய வண்டி பிறந்தால் சிறிய வண்டி பிறவாமல் இருக்குமா? ஜப்பானின் தாமியா நிறுவனம் 1987 ஆம் ஆண்டு ‘கிளாட் பஸ்டர்’ என்ற மின்கல வண்டியை விற்றது. இரண்டு மோட்டார்கள், நான்கு சக்கரமும் திரும்பும் அமைப்பு. 1999 இல் அமெரிக்காவின் டிராக்சஸ் நிறுவனம் ‘டி-மேக்ஸ்’ என்ற வண்டியைக் கொண்டு வந்தது. அதில் மின்கல மோட்டார் இல்லை. உண்மையாகவே எரிபொருள் எரியும் எஞ்சின் இருந்தது. நான்கு சக்கர இழுவை, இரண்டு கியர், பின்னோக்கிச் செல்லும் வசதி எல்லாம் அதில் அடக்கம். 2002 இல் எச்.பி.ஐ. நிறுவனத்தின் ‘சாவேஜ்’, 2004 இல் மறுபடியும் டிராக்சஸின் ‘ரெவோ’ என்று வரிசையாக வந்தன. ஒரு பெரிய பூனை அளவு, நான்கைந்து கிலோ எடை, மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வேகம். தூரத்தில் நின்று கையில் உள்ள வானொலிக் கருவியால் அதை ஓட்டலாம்.

ஓட்டுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அதில் பெரிய அறிவு எதுவும் இல்லை. கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடையில் இரண்டு விதமாக இவை கிடைக்கும். ஒன்று, பெட்டியைத் திறந்தவுடன் ஓட்டத் தயாரான வண்டி. மற்றொன்று, பைபையாகப் பிரித்து வைக்கப்பட்ட பாகங்களும் ஒரு விளக்கப் புத்தகமும் மட்டும். காலம் செல்லச் செல்ல முதல் வகை பெருகி, இரண்டாம் வகை அருகிப் போயிற்று. எனக்கு இது பெரிய இழப்பாகவே தோன்றுகிறது. தயாராக வந்த வண்டி உடைந்தால் உரிமையாளர் செய்வதறியாமல் நிற்கிறார். தானே கட்டியவளுக்கோ, எந்தத் திருகாணிக்குப் பின்னால் எந்தப் பல் இருக்கிறது என்று இருட்டிலும் தெரியும். ஆகவே தயாரான வண்டியே கையில் கிடைத்தாலும், ஓட்டுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் பிரித்துப் பூட்டிப் பார்ப்பவளே அதற்கு உண்மையில் சொந்தக்காரி.

கட்டத் தொடங்குவது டிஃபரன்ஷியல் என்னும் பகுதியிலிருந்து. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டும் ஒரே தண்டில் இறுகியிருந்தால் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். கூம்பு வடிவப் பற்சக்கரங்கள் சில ஒரு சிறு கூட்டுக்குள் ஒன்றையொன்று கவ்வி இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினால், சக்தி முழுவதும் அந்த வீண் சக்கரத்துக்கே ஓடிவிடும். தரையைத் தொட்ட சக்கரம் சும்மா நிற்கும். இதைத் தடுக்க அந்தக் கூட்டுக்குள் தேன்போல் கெட்டியான சிலிக்கான் எண்ணெயை நிரப்புகிறார்கள். எண்ணெய் கெட்டியாக இருக்க இருக்க, அந்தரத்துச் சக்கரம் தறிகெட்டுச் சுழல்வது குறையும். முன்பக்கம் எவ்வளவு கெட்டி, பின்பக்கம் எவ்வளவு இளக்கம் என்பதில்தான் வண்டி திரும்பும் குணமே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை போலத் தோன்றும் இது, பொறுமை இல்லாதவருக்கு அரை நாள் ஆகும். எண்ணெயில் மாட்டிய காற்றுக் குமிழி வெளியேறும்வரை காத்திருக்க வேண்டுமே!

அடுத்தது திருகாணிகள். இங்கே ஒரு விதி. உலோகத்துக்குள் உலோகம் திருகும் இடங்களில், திருகாணி நுனியில் பூட்டுத் திரவம் ஒரு துளி இட வேண்டும். இல்லாவிடில் எஞ்சினின் அதிர்விலேயே அது தானாகக் கழன்றுவிடும். பிளாஸ்டிக்கில் திருகும் இடத்தில் அத்திரவத்தை இடவே கூடாது. அது சில பிளாஸ்டிக்குகளை வெடிக்கச் செய்யும். பிளாஸ்டிக்கில் அளவுக்கு மீறி முறுக்கினால் மரை வழுக்கிப் போகும். எவ்வளவு முறுக்கினால் போதும் என்பதை விரல்கள் தாமே கற்க வேண்டும். சப்பாத்தி மாவின் பதத்தைப் புத்தகம் பார்த்தா கற்றோம்?

பற்சக்கரங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளிக்கு ஓர் எளிய உபாயம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. கிளட்சின் சிறு பற்சக்கரத்துக்கும் அதனோடு சேரும் பெரிய பற்சக்கரத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகு. எஞ்சினை நெருக்கித் தள்ளித் திருகாணியை இறுக்கு. பிறகு சக்கரத்தைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடு. காகிதத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி நின்றுவிடும். நெருக்கம் மிகுந்தால் பற்கள் சூடேறித் தேயும். தளர்ந்தால் பல் உடையும். மிக நுண்ணிய ஓர் அளவை ஒரு நோட்டுப் புத்தகத் தாள் அளந்து கொடுக்கிறது.

இனி எஞ்சின். இந்த வண்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

டி-மேக்ஸ் வண்டியின் எஞ்சின் அளவு சுமார் 2.5 கன சென்டிமீட்டர். அதாவது அரைத் தேக்கரண்டி. அந்த அரைத் தேக்கரண்டி இடத்துக்குள் நிமிடத்திற்கு முப்பதாயிரம் சுற்று வரை பிஸ்டன் ஏறி இறங்குகிறது. இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆதலால் சுற்றுக்கு ஒரு முறை வெடிப்பு. ஒரு விநாடிக்கு ஐந்நூறு வெடிப்புகள். நீங்கள் ‘ஐந்து’ என்று சொல்லி முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான வெடிப்புகள் நடந்து முடிந்திருக்கும்.

இத்தனை வெடிப்புக்கும் தீப்பொறி எங்கிருந்து வருகிறது? மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற ஸ்பார்க் பிளக் இதில் இல்லை. அதற்குப் பதிலாகக் குளோ பிளக் என்ற ஒன்று இருக்கிறது. அமெரிக்கரான ரே ஆர்டன் 1947 இல் விற்பனைக்குக் கொண்டு வந்த எளிய சாதனம் அது. உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள். தொடங்கும்போது மட்டும் ஒரு சிறு மின்கலத்தால் அதைச் செஞ்சூடாக்குவோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம், சுருள் அணையாது. ஏனெனில் எரிபொருளில் உள்ள மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது வேதிவினை நிகழ்ந்து வெப்பம் பிறக்கிறது. பிளாட்டினம் அவ்வினையில் தான் கரையாமல் ஊக்கி மட்டுமே கொடுக்கிறது. வேதியியல் நூலில் ‘வினையூக்கி’ என்ற சொல்லை எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! அந்தச் சொல் கையில் உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவள் அதைத் தேர்வு முடிந்ததும் மறக்க மாட்டாள்.

எரிபொருளில் மூன்று பொருள்கள் உண்டு. பெரும்பகுதி மெத்தனால். பத்து முதல் முப்பது விழுக்காடு வரை நைட்ரோமீத்தேன். எஞ்சியது எண்ணெய். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். ஆகவே அதே அளவு காற்றை உள்ளிழுக்கும் எஞ்சினில் பல மடங்கு எரிபொருளை எரிக்கலாம், சக்தி கூடுகிறது. ‘நைட்ரோ வண்டி’ என்ற பெயரின் காரணமும் இதுவே.

எண்ணெயைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது. நம் பாட்டிமார் வயிறு சுத்தம் செய்யப் பிடிவாதமாகக் குடிக்க வைத்தார்களே, அதே ஆமணக்கெண்ணெய்தான் இந்தக் குட்டி எஞ்சின்களின் பழம்பெரும் காவலன். மற்ற எண்ணெய்கள் கருகும் சூட்டிலும் உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் குணம் அதற்கு உண்டு. காஸ்ட்ரால் என்ற புகழ்பெற்ற எண்ணெயின் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே. உலகில் மிகுதியாக ஆமணக்கு விளையும் நாடு இந்தியா. அதிலும் குஜராத் முதலிடம். அமெரிக்காவில் ஒரு மைதானத்தில் புகை விட்டு ஓடும் பொம்மை வண்டியின் குப்பியில் நம் நாட்டு வயலின் விளைச்சல் இருக்கக்கூடும். ஆமணக்கு எஞ்சினுக்குள் பிசுக்குப் படிய விடும் என்பதால், செயற்கை எண்ணெயையும் சேர்த்துக் கலப்பது இப்போதைய வழக்கம்.

புதிய எஞ்சினை முதல் நாளே விரட்டக் கூடாது. அதன் பித்தளை உருளை மேல்பக்கம் சற்றே குறுகலாகச் செய்யப்பட்டிருக்கும். சூடேறும்போது மேல்பகுதி அதிகம் விரிந்து அளவு சரியாகும். குளிர்ந்த நிலையில் கையால் சுற்றினால் பிஸ்டன் மேலே சென்று இறுகுவது தெரியும். ஆகவே முதல் சில தொட்டி எரிபொருளையும் அடக்கமாக, எண்ணெய் மிகுந்த செறிவான கலவையில், இடையிடையே நிறுத்திக் குளிரவிட்டே ஓட்ட வேண்டும். நிறுத்தும்போது பிஸ்டன் கீழே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். மேலே விட்டால் குளிர்ந்து சுருங்கும் உருளை அதைக் கவ்விக்கொள்ளும். அவசரக்காரர்களின் எஞ்சின்கள் இந்த முதல் மணி நேரத்திலேயே ஆயுளைப் பாதி தொலைத்துவிடுகின்றன.

பிறகு வரும் வேலைதான் கலை. கார்புரேட்டரில் இரண்டு ஊசித் திருகுகள் உண்டு. வேகமாக ஓடும்போது செல்லும் எரிபொருளை அளக்க ஒன்று, மெதுவாக ஓடும்போது அளக்க மற்றொன்று. வலமாகத் திருப்பினால் எரிபொருள் குறையும், கலவை மெலியும். எஞ்சின் துள்ளி ஓடும். இடமாகத் திருப்பினால் கலவை செறியும். எஞ்சின் சோம்பும், ஆனால் குளிர்ந்திருக்கும். மெலிவில்தான் வேகம் இருக்கிறது, ஆபத்தும் அங்கேயேதான். எண்ணெயும் எரிபொருளோடு சேர்ந்தே வருவதால், எரிபொருளைக் குறைத்தவர் எண்ணெயையும் குறைத்துவிடுகிறார். ஒரு சில விநாடிகள் மிக இனிமையாகப் பாடிவிட்டு எஞ்சின் வெந்து போகும். ஆகவே அறிந்தவர்கள் எட்டில் ஒரு பங்குச் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்புவதில்லை.

சரியான பதம் எது என்று எப்படி அறிவது? முழு வேகத்தில் செல்லும்போது பின்னால் மெல்லிய வெண்புகைக் கோடு தெரிய வேண்டும். எஞ்சின் தலையில் ஒரு சொட்டு நீர் விட்டால் மூன்று நான்கு விநாடிகளில் அது கொதித்து மறைய வேண்டும். தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்க்கும் அதே சோதனை! விட்டவுடனேயே துள்ளித் தெறித்தால் சூடு மிகுதி. நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும்போது எரிபொருள் குழாயை விரலால் நசுக்கினால், வேகம் சற்றே ஏறி, இரண்டு மூன்று விநாடிகளில் நிற்க வேண்டும். வெயில் நாளுக்கு ஒரு பதம், குளிர்ந்த நாளுக்கு ஒரு பதம். குளிர்காற்று அடர்ந்தது, அதற்கு எரிபொருள் கூடத் தர வேண்டும். காதும் கண்ணும் மூக்கும் விரலும் சேர்ந்து படிக்கும் பாடம் வேறெங்கே கிடைக்கிறது?

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வாழும் என் மாமா மகள் பதினான்கு வயதில் இத்தகைய வண்டி ஒன்றைக் கட்டினாள். உதிரி பாகம் வாங்க அவளும் அவள் தம்பியும் கடைக்குச் சென்றார்களாம். கிளட்ச் செருப்பு தேய்ந்துவிட்டது என்று கேட்டவள் அவள். கடைக்காரரோ தம்பியைப் பார்த்தே விடை கூறினாராம். தம்பிக்கு வயது ஒன்பது. கிளட்சுக்குச் செருப்பு உண்டு என்பதே அன்றுதான் அவனுக்குத் தெரியும்! சென்றாண்டு இதைச் சொல்லி அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவிலும் அலமாரி பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள் போலும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் எல்லாருக்கும் வரும் ஆசை, அதை மாற்றி அமைப்பது. இங்கேதான் பணமும் அறிவும் பிரியும் இடம். புதியவர் முதலில் வாங்குவது பளபளக்கும் அலுமினியக் கைகள். பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்ற எண்ணம். உண்மையில் சக்கரத்தைத் தாங்கும் அந்த நைலான் கை, மோதும்போது வளைந்து கொடுத்து அடியைத் தானே வாங்கிக்கொள்கிறது. மீறினால் அது உடையும். விலை மலிவு, மாற்றிவிடலாம். அலுமினியக் கையோ வளையாது; அடியை அடுத்த பாகத்துக்கு அனுப்பிவிடும். அடுத்த பாகம் டிஃபரன்ஷியல் கூடாகவோ சட்டமாகவோ இருக்கும்; அதன் விலை பல மடங்கு. எங்கே உடைய வேண்டும் என்று தீர்மானித்து அமைப்பதும் பொறியியலின் ஒரு பகுதி. வீட்டு மின்சாரப் பெட்டியில் ஃபியூஸ் கம்பி இருக்கும் காரணமும் இதுதானே. அழகுக்காக அலுமினியம் வாங்குபவரை நான் குறை சொல்லவில்லை. வலிமைக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

அடுத்த ஆசை பெரிய சக்கரம். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் கூடுகிறது. எஞ்சினுக்குச் சுமை ஏறுகிறது. கிளட்ச் வழுக்கிச் சூடாகிறது. அதற்கு ஈடாகக் கிளட்சின் பற்சக்கரத்தில் ஓரிரு பற்கள் குறைந்ததை மாட்ட வேண்டும். பெரிய எஞ்சின் வைத்தால் பிரேக்கையும் வலுப்படுத்த வேண்டும். ஒன்றைத் தொட்டால் அடுத்ததைத் தொட்டாக வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகளுக்கு மட்டும் புடவை எடுத்த கதைதான்.

மலிவாகவும் பயனுள்ளதாகவும் செய்யத்தக்க மாற்றம் அதிர்வு தாங்கிகளில் இருக்கிறது. சிறு குப்பி எண்ணெயே போதும். மெல்லிய எண்ணெய் ஊற்றினால் சக்கரம் மேடு பள்ளங்களை விரைவாகத் தொடரும். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் உயரத்திலிருந்து விழும்போது அடிவயிறு தரையில் மோதாது. வெயில் ஏறினால் எண்ணெய் இளகுவதால் கோடையில் சற்றுக் கெட்டி எண்ணெய் வேண்டும். ரெவோ வண்டியில் இந்தத் தாங்கிகளைச் சட்டத்துக்குள் படுக்க வைத்து, தள்ளுதண்டுகளால் இயக்கியிருப்பார்கள். பந்தயக் கார்களில் உள்ள அமைப்பு அது. நெம்புகோல் தத்துவத்தைக் கண்ணால் காண அதைவிட நல்ல இடம் இல்லை.

மேற்கூட்டுக்கு வண்ணம் தீட்டுவதும் ஒரு தனி இன்பம். கண்ணாடிபோல் தெளிவான பாலிகார்பனேட் கூட்டின் உள்பக்கத்தில் தீட்ட வேண்டும். வெளியில் தீட்டினால் முதல் உருளலிலேயே சுரண்டிப் போகும். உள்ளிருந்து தீட்டுவதால் வரிசை தலைகீழ். கடைசியில் வர வேண்டிய நுண்கோடுகள் முதலில், பின்னணி வண்ணம் இறுதியில். எழுத்துகளை இடவலம் மாற்றி எழுத வேண்டும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்கள் கண்ணாடியின் பின்புறத்தில் கண்ணையும் நகையையும் முதலில் தீட்டிப் பின்னணியைக் கடைசியில் பூசுவார்களே, அதே முறை. கோலத்தில் கை தேர்ந்த நம் மாணவியர் இதில் எந்த அமெரிக்கனையும் தோற்கடிப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் அல்லள். மெத்தனால் கொடிய நஞ்சு. சிறிதளவு உள்ளே சென்றாலும் கண்பார்வையைப் பறிக்கும். தோல் வழியாகவும் உடலில் ஏறும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அதே பொருள்தான் இந்த வண்டியின் குப்பியிலும் இருக்கிறது. அது எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. எனவே பூட்டிய அலமாரி, பெயர் எழுதிய குப்பி, கையுறை, திறந்த வெளி, அருகில் ஒரு பெரியவர் ஆகிய ஐந்தும் இன்றித் தொடவே கூடாது. பெரியவர் மேற்பார்வை இல்லாமல் சிறுவர் இயக்கலாகாது என்று தயாரிப்பாளர்களே அச்சிட்டுத் தருகிறார்கள்.

வானொலியிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் கையிலுள்ள கருவியை முடுக்கி, பிறகே வண்டியின் ஏற்பியை முடுக்க வேண்டும். நிறுத்தும்போது வரிசை மாறும். தவறினால் வண்டி கட்டளை இல்லாமல் ஓடிவிடும். ஐந்து கிலோ எடை, ஐம்பது கிலோமீட்டர் வேகம். ஒரு குழந்தையின் காலில் மோதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஏற்பியின் மின்கலம் இறந்தால் எஞ்சினைத் தானாக அடக்கும் பாதுகாப்பு அமைப்பும், எரிபொருள் வாயிலை மூடும் சுருள்வில்லும் இல்லாத வண்டியை நான் ஓட்ட விடமாட்டேன். முன்பு ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால் ஒருவர் வண்டியை மற்றவர் கருவி கவ்விக்கொள்ளும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தபின் அந்தத் தொல்லை பெரிதும் நீங்கிற்று.

இவ்வளவு தொல்லை எதற்கு, மின்கல வண்டி போதாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லித்தியம் மின்கலமும் பிரஷ் இல்லாத மோட்டாரும் வந்தபின், மின் வண்டிகள் நைட்ரோ வண்டிகளை வேகத்திலும் வென்றுவிட்டன. சத்தமில்லை, புகையில்லை, பிசுக்கில்லை. கடைகளிலும் அவையே நிறைந்திருக்கின்றன. நெருக்கமான தெருவில் வீடு உள்ளவர்களுக்கு அதுவே சரி. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பகல் தூக்கத்துக்கும் மதிப்பு உண்டு. ஓட்டுவதற்காக வாங்குபவர் மின் வண்டியே வாங்கட்டும். ஆனால் அந்த மோட்டார் ஓர் அடைத்த பெட்டி. ஓடும், அல்லது ஓடாது. ஏன் என்று அது சொல்வதில்லை. நைட்ரோ எஞ்சினோ புகையால் பேசும், சத்தத்தால் பேசும், சூட்டால் பேசும். கேட்கப் பழகியவளுக்கு எல்லாவற்றையும் சொல்லும்.

விலை நம்மில் பலருக்கு எட்டாது என்பதையும் நான் அறிவேன். நம் ஊரில் இந்த எரிபொருள் எளிதில் கிடைப்பதும் இல்லை. அதனால் என்ன? இதே டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நம் தெருக்களில் பல ஆண்டுகள் ஓடியது. 1980 இல் வந்த டி.வி.எஸ். 50 வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றியது பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட பழைய எஞ்சின் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிவிடலாம். எரிபொருள் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். பிஸ்டனைக் கழற்றி, துளைகளைப் பார்த்து, கார்புரேட்டரைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடியும் பூட்ட வேண்டும். பூட்டிய பின் ஒரு திருகாணி மிஞ்சினால் மறுபடியும் கழற்ற வேண்டும்.

வரும் கல்வியாண்டில் நம் அறிவியல் மன்றம் இதைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வேண்டியவை: ஒரு பழைய மேசை, பரப்ப ஒரு கோணிச் சாக்கு, ஸ்பானர் வரிசை ஒன்று, திருப்புளி நான்கு, கழற்றிய திருகாணிகளை வரிசையாக வைக்க முட்டைத் தட்டு ஒன்று. ஸ்பானர் வரிசையை நான் கொண்டு வருகிறேன். எஞ்சினை யார் வீட்டிலிருந்தாவது தர முடியுமா என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். முட்டைத் தட்டு விடுதிச் சமையலறையில் கிடைக்கும்.